முத்திரை இல்லாத எடைக்கல்

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எடைகள் அடங்கிய மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. 100 கிராமில் தொடங்கி 10 மில்லிகிராம் வரையுள்ள எடைகள் அதில் வரிசையாக அமர்ந்திருக்கும். அவற்றை மாணவர்கள் கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்கவேண்டும். விரலின் ஈரமும் அழுக்கும் ஒட்டினால் எடை மாறிவிடும் என்பதே காரணம். இத்துணைத் துல்லியமான எடைகளைக் கொண்டுபோய்க் கடைத்தெருவில் ஒரு வியாபாரி பயன்படுத்தலாமா? கூடாது. வாணிகத்துக்கு உதவும் எடைக்கல்லில் அரசின் எடையளவு முத்திரை இருக்கவேண்டும் என்பது சட்டம். முத்திரை பெற்றபின் சற்றே தேய்ந்துபோன கல் கடையில் இருக்கலாம். முத்திரையே பெறாத துல்லியமான எடை அங்கே இருக்க முடியாது. துல்லியம் வேறு, முத்திரை வேறு.

இந்தச் சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்றைய திறன்பேசி உலகின் புதிர் ஒன்று எளிதில் விளங்கிவிடும். மற்றவற்றைவிடப் பாதுகாப்பு மிகுந்ததாகச் செய்யப்பட்ட ஒரு திறன்பேசியில் டேட்டிங் செயலிகள் சில வேளை செயல்பட மறுக்கின்றன. ஏன்? அவற்றைச் செயல்பட வைப்பது எப்படி? அப்படிச் செய்யும்போது நாம் எதை இழக்கக்கூடாது? இவற்றையே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

முன்பின் அறியாத இருவர் நட்பையோ காதலையோ நாடி அறிமுகமாக உதவுவது டேட்டிங் செயலி. 2009-இல் வந்த கிரைண்டர், 2012-இல் வந்த டிண்டர், 2014-இல் வந்த பம்பிள் ஆகியவை பலரும் அறிந்தவை. "உங்களுக்கு அருகில் இருப்பவர் யார்?" என்று காட்டுவதே இவற்றின் அடிப்படை வேலை. ஆகவே நம் முகம், வயது, விருப்பம் ஆகியவற்றோடு நாம் இருக்கும் இடத்தையும் இவை கேட்கின்றன. ஒருவர் நெருங்கிய நண்பரிடமும் சொல்லத் தயங்கும் செய்திகள் இவை. ஆதலால்தான் இந்தப் புதிர் வெறும் தொழில்நுட்ப விளையாட்டு அன்று.

உறுதியாக்கப்பட்ட இயங்குதளம்

திறன்பேசியின் உறுப்புகளையும் செயலிகளையும் ஆளும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதை எடுத்து, பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் கூட்டி உருவாக்கப்பட்டதே கிராஃபீன் ஓ.எஸ். கனடாவைச் சேர்ந்த டேனியல் மைக்கே 2014-இல் தொடங்கிய பணியின் தொடர்ச்சி இது. 2019 முதல் இப்பெயரில் வழங்குகிறது. கூகுளின் பிக்சல் வகைத் திறன்பேசிகளில் இதை நிறுவிக்கொள்ளலாம். கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணுவின் தடிப்புள்ள கரித்தாள். மெலிதாயினும் மிக வலிமையானது என்பதை இயற்பியல் மாணவர்கள் அறிவார்கள்.

சாதாரண ஆண்ட்ராய்டு திறன்பேசியில் 'கூகுள் பிளே சேவைகள்' என்ற நிரல், வீட்டின் எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருக்கும் காரியஸ்தரைப் போன்றது. அதற்குள்ள பல உரிமைகளை நாம் பறிக்க முடியாது. கிராஃபீன் ஓ.எஸ்.-இல் தொடக்கத்தில் அந்த நிரலே இருப்பதில்லை. வேண்டுமானால் நாமே நிறுவிக்கொள்ளலாம். அப்போதும் அது மற்றச் செயலிகளைப் போல ஒரு வேலிக்குள்தான் இயங்கும். நாம் கொடுத்த அனுமதிக்கு மேல் அதனால் எதையும் தொட இயலாது.

பெரும்பாலான டேட்டிங் செயலிகள் அந்தக் காரியஸ்தரை நம்பியே எழுதப்பட்டவை. ஆகவே முதல் வேலை, கிராஃபீன் ஓ.எஸ்.-உடன் வரும் செயலிக்கிடங்கிலிருந்து கூகுள் பிளேயை நிறுவுவது. இதைத் தனியான ஒரு பயனர் கணக்கில் செய்வது நல்லது. ஒரே திறன்பேசியில் பல பயனர் கணக்குகளை அமைக்கலாம். ஒரு கணக்கிலுள்ள செயலிகளும் படங்களும் மற்றக் கணக்கின் செயலிகளுக்குத் தெரியமாட்டா. ஒரே வீட்டில் தனிக் கதவும் தனிப் பூட்டும் உள்ள ஓர் அறை என்று கொள்ளலாம்.

நோய்க்குறிகள் நான்கு

இவ்வளவு செய்தும் செயலி சரிவர நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் முதலில் நோய்க்குறியைத்தானே பார்ப்பார்? அதுபோல் நாமும் பார்ப்போம். செயலி திறந்தவுடன் மூடிக்கொண்டால் குறை நினைவகத்தில் இருக்கலாம். செய்தி வந்தும் மணி அடிக்காவிட்டால் குறை அறிவிப்பு வழியில். "இருப்பிடத்தைத் தேடுகிறோம்" என்று சுற்றிக்கொண்டே இருந்தால் குறை இருப்பிடத்தில். எல்லாம் சரியாயிருந்தும் "இந்தச் சாதனத்தில் இயலாது" என்று மறுத்தால், அங்கேதான் முத்திரைச் சிக்கல். ஒவ்வொன்றாகக் காண்போம்.

நினைவகத்தில் இருக்கை எண்கள்

தேர்வுக்கூடத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண்ணுள்ள இருக்கை உண்டு. நிரல் ஒன்று ஓடும்போதும் நினைவகத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்படுகிறது. பிழையாக எழுதப்பட்ட நிரல், தன் இடத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்தில் எழுதிவிடுவதுண்டு. சாதாரணத் திறன்பேசியில் இது பல வேளை கவனிக்கப்படாமலே போய்விடும். திறன்பேசிக்குள் புக நினைப்பவர்கள் பயன்படுத்தும் ஓட்டைகளில் பல இத்தகையவையே.

கிராஃபீன் ஓ.எஸ். இதைக் கண்டிப்புடன் கவனிக்கிறது. 2023-இல் வந்த பிக்சல் 8 முதற்கொண்டு இதற்கு வன்பொருளின் துணையும் உண்டு. நினைவகம் 16 பைட்டுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் 4 பிட்டு அளவுள்ள ஓர் அடையாளம் இடப்படுகிறது. 4 பிட்டு என்றால் 2-இன் 4-ஆம் அடுக்கு, அதாவது 16 அடையாளங்கள். நினைவகத்தை நாடி வரும் நிரலின் கையிலுள்ள அடையாளமும் துண்டின் அடையாளமும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும்.

ஆகவே செயலி திடீரென மூடிக்கொண்டால், புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம். முன்பே இருந்த பிழை இப்போதுதான் வெளிப்படுகிறது. அந்தச் செயலிக்கு மட்டும் இக்கண்டிப்பைத் தளர்த்தும் ஒரு பொத்தான் அமைப்புகளில் உண்டு. மற்றச் செயலிகளுக்குக் காவல் அப்படியே நீடிக்கும்.

மணி அடிக்காதது ஏன்?

50 செயலிகளும் "எனக்குச் செய்தி உண்டா?" என்று நிமிடந்தோறும் வெளியுலகைக் கேட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். இதைத் தவிர்க்க, கூகுள் பிளே சேவைகள் ஒரே ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாச் செயலிகளுக்கும் உரிய செய்தியைப் பெற்றுப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஊருக்கு ஒரு தபால்காரர் போல. கிராஃபீன் ஓ.எஸ்.-இல் இந்தத் தபால்காரரும் சாதாரணச் செயலியே. மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு இயங்குதளம் அவரை உறங்க வைத்துவிட்டால் கடிதம் தாமதமாகும். பிளே சேவைகளுக்கு மின்கலக் கட்டுப்பாட்டை நீக்கி, இணைய அனுமதியும் அறிவிப்பு அனுமதியும் கொடுத்துவிட்டால் குறை தீரும்.

இருப்பிடம் கிடைக்காதது ஏன்?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து ஒரு வானொலி அலை நம்மை வந்தடைய ஏறத்தாழ 0.07 விநாடி ஆகும். அலைகள் எடுத்துக்கொண்ட காலத்தைக்கொண்டு நான்கு செயற்கைக்கோள்களின் தூரங்களைக் கணித்தால் நம் இடம் தெரிந்துவிடும். ஆயினும் அந்த அலைகள் மிக மெலிந்தவை. காங்கிரீட்டுக் கூரையின் கீழ் கிடைப்பது அரிது. மேலும், செயற்கைக்கோள் தன் பாதையைப் பற்றிய விவரத்தை விநாடிக்கு 50 பிட்டு என்ற மெதுவான வேகத்தில் அனுப்புகிறது. அதை முழுதும் கேட்க அரை நிமிடம் வேண்டும். இவ்விவரத்தை இணையத்தின் வழியே முன்கூட்டிப் பெற்றுக்கொண்டால் இக்காத்திருப்பு குறையும்.

அப்படியானால் சாதாரணத் திறன்பேசி வீட்டுக்குள் இருந்தபடியே இடத்தைச் சொல்வது எப்படி? சுற்றியுள்ள வைஃபை நிலையங்களின் அடையாளங்களை அது கூகுளுக்கு அனுப்பி, "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டறிகிறது. கிராஃபீன் ஓ.எஸ்.-இல் இத்தகைய வலைவழி இருப்பிடம் தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்கும். எனவே செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்தபின், மொட்டை மாடிக்கோ சன்னலோரமோ சென்று சற்றுக் காத்திருங்கள். வேண்டுமானால் அமைப்புகளில் வலைவழி இருப்பிடத்தை இயக்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி எழுகிறது. இடத்தைக் கொடுப்பதென்றால் எவ்வளவு துல்லியமாகக் கொடுப்பது? விடை காண, வரைபடத்தாளும் கவராயமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வட்டங்கள்

1 செ.மீ. என்பது 1 கி.மீ. எனக் கொள்வோம். தாளில் அ என்ற புள்ளியையும், அதற்கு நேர் கிழக்கே 8 செ.மீ. தூரத்தில் ஆ என்ற புள்ளியையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவிலிருந்து நேர் வடக்கே 9 செ.மீ. சென்று இ என்ற புள்ளியைக் குறியுங்கள். டேட்டிங் செயலியில் உள்ள ஒருவர் அ-விலிருந்து 5 கி.மீ., ஆ-விலிருந்து 5 கி.மீ., இ-யிலிருந்து 6 கி.மீ. தூரத்தில் இருப்பதாகச் செயலி காட்டுகிறது. மூன்று வட்டங்களையும் வரையுங்கள். முதல் இரண்டும் இரு புள்ளிகளில் வெட்டும். மூன்றாவது வட்டம் அவற்றுள் ஒன்றின் வழியே மட்டும் செல்லும். நடுப்புள்ளிக்கு 3 கி.மீ. வடக்கே அந்த மனிதர் இருக்கிறார்!

செயலி சொன்னது மூன்று தூரங்களை மட்டுமே. கிடைத்ததோ ஒருவருடைய வீட்டு வாசல். வேவு பார்ப்பவர் ஊரைச் சுற்றவும் வேண்டியதில்லை. தாம் அ-வில் இருப்பதாகவும் ஆ-வில் இருப்பதாகவும் செயலியிடம் பொய் சொன்னாலே போதும்.

இது கற்பனை அன்று. டிண்டர் செயலி தூரத்தைப் பல தசமத் தானங்கள் வரை துல்லியமாக அனுப்பி வந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2013-இல் கண்டறிந்தனர். திரையில் முழு எண் மட்டுமே தோன்றினும், உள்ளே வந்த தகவலில் முழுத் துல்லியமும் இருந்தது. அக்குறை நீக்கப்பட்டபின், 2014-இல் அவர்கள் அதை வெளியிட்டனர். பத்து ஆண்டுகள் சென்றபின், 2024-இல், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 டேட்டிங் செயலிகளை ஆராய்ந்தபோது, 6 செயலிகளில் பயனரின் ஏறக்குறையச் சரியான இடத்தைக் கண்டுவிட முடிந்தது. அந்நிறுவனங்களும் பின்னர்க் குறையைத் திருத்திக்கொண்டன.

தூரத்தை முழுக் கிலோமீட்டராக்கிக் காட்டினால் போதாதா? போதாது. 5.4 என்பது 5 ஆகவும், 5.6 என்பது 6 ஆகவும் காட்டப்படும். வேவு பார்ப்பவர் தம் பொய்யான இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே போனால், 5 என்பது 6 ஆக மாறும் கணத்தில் தூரம் சரியாக 5.5 கி.மீ. என்று அறிந்துவிடுவார். மூன்று திசைகளில் இப்படிச் செய்தால் மீண்டும் மூன்று வட்டங்கள்!

இதனால் நேரும் கேட்டை எண்ணிப் பாருங்கள். தொல்லை தரும் முன்னாள் துணைவருக்கு அஞ்சி வாழும் ஒரு பெண். தன்பாலின ஈர்ப்பைக் குற்றமெனக் கருதும் நாட்டில் வாழும் ஓர் இளைஞர். இவர்களுக்கு அந்தப் புள்ளி உயிர் பற்றியது. எகிப்து, ரஷ்யா போன்ற நாடுகளில் தூரத்தைக் காட்டுவதையே கிரைண்டர் 2014-இல் நிறுத்தவேண்டி வந்தது.

நல்ல தீர்வு, தூரத்தை மறைப்பதைவிட, இடத்தையே மங்கலாக்கிக் கொடுப்பது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் ஒரு செயலிக்குத் 'துல்லியமான இடம்', 'தோராயமான இடம்' என்ற இரண்டில் ஒன்றை நாம் தேர்ந்து கொடுக்கலாம். தோராயம் என்பது சுமார் 3 சதுர கி.மீ. பரப்பு, அதாவது ஏறத்தாழ 1 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு. இப்போது யாரேனும் மூன்று வட்டங்கள் வரைந்தாலும், அவை நாம் இல்லாத ஓர் இடத்தில்தான் மிகச் சரியாகச் சந்திக்கும்! "அருகில் இருப்பவர் யார்?" என்ற வினாவுக்கு இவ்வளவு துல்லியம் போதும்.

முத்திரை கேட்கும் செயலி

இனி எடைப்பெட்டிக்குத் திரும்புவோம். மேற்சொன்ன யாவும் சரியாக இருந்தும் செயலி மறுக்கிறதென்றால், அது பெரும்பாலும் சான்று கேட்கிறது எனலாம். போலிக் கணக்குகளையும் எந்திரக் கணக்குகளையும் தடுக்க, நிறுவனங்கள் திறன்பேசியின் நேர்மையைச் சோதிக்க விரும்புகின்றன. அதற்குக் கூகுள் அளிக்கும் ஏற்பாடு 'பிளே இன்டெக்ரிட்டி'. இதில் அடிப்படை, சாதனம், வலுவானது என மூன்று படிகள் உள்ளன. கிராஃபீன் ஓ.எஸ். முதற்படியில் தேறுகிறது, இரண்டாம் படியில் தேறுவதில்லை. பாதுகாப்பு குறைவு என்பதாலா? அன்று. கூகுளின் சான்று பெற்ற இயங்குதளங்களின் பட்டியலில் அது இல்லை என்பதால்தான். பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் பெறாத பழைய திறன்பேசி, சான்று பெற்றதாயின், அதே இரண்டாம் படியில் தேறிவிட முடியும். தேய்ந்த கல்லுக்கு முத்திரை உண்டு. ஆய்வுக்கூடத்து எடைக்கு இல்லை.

முத்திரை இல்லாமலே எடையைச் சரிபார்க்கும் வழி உண்டா? உண்டு. பிக்சல் திறன்பேசிகளில் 2018 முதல் தனிப் பாதுகாப்புச் சில்லு ஒன்று வைக்கப்படுகிறது. அதற்குள் இருக்கும் இரகசியச் சாவி வெளியே வருவதில்லை. செயலி நிறுவனம் புதிய எண் ஒன்றை அனுப்பி, "இதனோடு உன் நிலையைச் சொல்" என்று கேட்கலாம். பூட்டு பூட்டியிருக்கிறதா, இயங்கும் நிரல் யார் கையொப்பமிட்டது, கடைசித் திருத்தம் எப்போது வந்தது என்னும் விவரங்களை அந்த எண்ணோடு சேர்த்துத் திறன்பேசி அனுப்பும்; அவை சில்லின் சாவியால் ஒப்பமிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் எண் புதிது என்பதால் பழைய விடையை யாரும் திரும்பக் காட்டி ஏமாற்ற முடியாது. இந்த வழியில் கிராஃபீன் ஓ.எஸ். தன்னைத் தானே என்று மெய்ப்பிக்க இயலும். அதை ஏற்பதா என்பது செயலி நிறுவனத்தின் முடிவு. அவ்வாறு ஏற்கக்கோரி நிறுவனத்துக்கு எழுதுவதே பயனர் செய்யத்தக்க நேரிய செயல். அதுவரை, டிண்டர் போன்றவற்றை உலாவி வழியாகவும் பயன்படுத்தலாம்.

செய்யக்கூடாதது ஒன்றும் உண்டு. பொய்ச் சான்று காட்டிச் செயலியை ஏமாற்றும் பொருட்டுச் சிலர் திறன்பேசியின் தொடக்கப் பூட்டைத் திறந்து, மூல உரிமையைப் பெற்று, எங்கிருந்தோ வந்த நிரல்களைப் புகுத்துகிறார்கள். கள்ள முத்திரை குத்துவதற்காக எடைக்கல்லையே அராவுவது போன்றது இது. அதன்பின் அது பாதுகாக்கப்பட்ட திறன்பேசியாக இராது. ஒரு செயலிக்காக எல்லாக் கதவுகளையும் திறந்து விட்டதாகவே முடியும்.

திறன்பேசியால் ஆகாதது

முடிவாக ஒன்று. செயலிக்கு முழுப் படத்தொகுப்பையும் காட்டாமல் தேர்ந்த இரண்டு மூன்று படங்களை மட்டும் கொடுக்கலாம். தொடர்புப் பட்டியலைக் கேட்டால், கிராஃபீன் ஓ.எஸ். அதற்கு வெற்றுப் பட்டியலைக் காட்டிச் சமாதானப்படுத்தும். அதன் ஒளிப்படக் கருவி, படத்தில் ஒளிந்திருக்கும் இடம், நேரம் முதலிய குறிப்புகளை நீக்கியே சேமிக்கும். இவையெல்லாம் திறன்பேசி செய்யும் காவல்.

ஆனால் நாமே விரும்பிச் செயலிக்குச் சொன்னது அதன் நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. அங்கே நம் திறன்பேசியின் காவல் செல்லாது. உரிய ஒப்புதலின்றிப் பயனர் விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக நார்வேயின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் கிரைண்டருக்கு 6.5 கோடி குரோனர் தண்டம் விதித்தது. 2024-இல் ஆஸ்லோ நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதைத் தடுக்க வல்லது சட்டமே, இயங்குதளம் அன்று.

ஆகவே வாசகர்களே, ஒரு செயலி ஏதேனும் அனுமதி கேட்கும்போது, "இந்த வேலைக்கு இது எவ்வளவு தேவை?" என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் மாணவர் தேவையான எடையை மட்டும் இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைக்கிறார். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டுவதில்லை. அந்த மூன்று வட்டங்களை மட்டும் மறவாமல் இன்றே ஒருமுறை வரைந்து பாருங்கள்.